டிக்கெட் இல்லாமலே ஏர்போர்ட் பார்க்கலாம்!

குட்டீஸ், திருநின்றவூர் எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், ஆவடியைத் தாண்டியதும் வரும் ஊர். அந்த ஊரில் பூசலார் என்று ஒருவர் வாழ்ந்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அவருக்குக் கோயில் கட்ட ஆசை. ஆனால், கையில் காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? மனசுக்குள்ளேயே கல் கொண்டு வந்தார், சுவர் எழுப்பினார், ஒரு முழுக் கோயிலையே கட்டி முடித்துவிட்டார்!

கோயில் கருவறையின் மேல் எழும்பி நிற்கும் பகுதிக்கும் 'விமானம்' என்றுதான் பெயர். அவர் மனசுக்குள் விமானம் கட்டினார். நாம் மனசுக்குள் விமான நிலையம் போய் வருவோமா?

"டிக்கெட்டுக்குக் காசு?" என்று கேட்காதீர்கள். இன்று நாம் போகப்போவது, பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் இருக்கும் பகுதிக்கு மட்டும்தான். அதிலும் பெரும்பகுதிக்கு விமான டிக்கெட்டே தேவையில்லை. அங்கே பார்க்கவும் தெரிந்துகொள்ளவும் நிறைய இருக்கிறது.

எப்படிப் போவது?

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறுங்கள். நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று சென்ட்ரல் வந்து சேரும். அங்கிருந்து இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மெட்ரோ ரயில். சென்ட்ரலில் நீல வழித்தட ரயிலில் ஏறினால், கடைசி நிலையமே விமான நிலையம்தான். இந்த மெட்ரோ நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

இன்னொன்று, குறைந்த செலவில் போகும் வழி. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பூங்கா நிலையத்துக்கு நடந்து போய், தாம்பரம் போகும் ரயிலைப் பிடியுங்கள். இங்கேதான் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். 'மீனம்பாக்கம் ஏர்போர்ட்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி மீனம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள்! அடுத்த நிலையமான திரிசூலத்தில்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாக ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் விமான நிலையம்.

ஏன் இந்தக் குழப்பம்? முன்பு பயணிகள் கட்டடம் மீனம்பாக்கம் பக்கம்தான் இருந்தது. 1985-ல் உள்நாட்டு விமானங்களுக்கும், 1989-ல் வெளிநாட்டு விமானங்களுக்கும் திரிசூலம் பக்கம் புதுக் கட்டடங்கள் வந்தன. கட்டடம் இடம் மாறிவிட்டது. மக்கள் வாயில் பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது.

தரைப் பக்கம், வான் பக்கம்

உலகத்தில் எந்த விமான நிலையமாக இருந்தாலும் அதை இரண்டு பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் இருப்பது தரைப் பக்கம். சோதனை முடிந்த பிறகு வருவது வான் பக்கம். வான் பக்கத்தில் பயணிகளும் அங்கே வேலை செய்ய அனுமதி பெற்றவர்களும் மட்டுமே இருக்கலாம். கார் நிறுத்தும் இடம், டாக்ஸி நிற்கும் இடம், மெட்ரோ நிலையம், நடைபாதை, வழியனுப்புபவர்கள் கையசைக்கும் இடம், வரவேற்பவர்கள் காத்து நிற்கும் இடம் எல்லாம் தரைப் பக்கம். பெட்டியை எடை போடும் செக்-இன் கவுண்டரும் தரைப் பக்கம்தான்.

சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு 1, 4 ஆகிய முனையங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு விமானங்களுக்கு முனையம் 2. இந்த இரண்டாவது முனையத்தின் புதிய கட்டடம் 2023 ஏப்ரல் 8-ம் தேதி திறக்கப்பட்டது. சுமார் 1,260 கோடி ரூபாய் செலவில் கட்டியிருக்கிறார்கள். கோலம், சேலை, கோயில் என்று நம் ஊர் அடையாளங்களை வைத்து அலங்கரித்திருக்கிறார்கள்.

டிக்கெட் இல்லாதவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. 2,000-க்கும் அதிகமான கார்களை நிறுத்தக்கூடிய அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. அதை ஒட்டிய வணிக வளாகத்தில், 2023 பிப்ரவரியில் 5 திரைகள் கொண்ட ஒரு சினிமா தியேட்டரும் திறந்தார்கள். விமானம் ஏற வந்தவர்கள்தான் படம் பார்க்கலாம் என்று இல்லை. யார் வேண்டுமானாலும் போகலாம்!

வாசலில் நிற்கும் காவலர்

இப்போது முனையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வந்துவிட்டோம். புறப்பாடு வாசலில் காக்கிச் சீருடையில் ஒருவர் நிற்கிறார். டிக்கெட்டைப் பார்க்கிறார், அடையாள அட்டையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார். மூன்றும் பொருந்தினால்தான் உள்ளே விடுவார். இவர் மத்திய தொழில் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர். சுருக்கமாக சி.ஐ.எஸ்.எஃப். என்பார்கள். முகத்தை கேமராவில் காட்டினால் திறக்கும் 'டிஜி யாத்ரா' வாசலும் இப்போது வந்துவிட்டது.

லண்டன், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் டிக்கெட் இல்லாதவர்களும் செக்-இன் கூடம் வரை போகலாம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் 2019-ல் திறந்த 'ஜுவல்' என்ற கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். அதைப் பார்க்க டிக்கெட்டே வேண்டாம்.

அப்படியானால், நம் நாட்டில் மட்டும் ஏன் வாசலிலேயே தடுக்கிறார்கள்? 'நம்மை நம்பவில்லையா?' என்று கோபம் வருகிறதா? அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சொந்தக்காரர் இல்லாத பெட்டி

1984 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு. அப்போது பழைய மீனம்பாக்கம் கட்டடம்தான். கொழும்பு போகும் விமானத்துக்கு ஒருவர் பெட்டிகளைப் பதிவு செய்தார். ஆனால், அவர் விமானத்தில் ஏறவே இல்லை. பெட்டிகள் மட்டும் நிலையத்தில் தங்கிவிட்டன. உள்ளே குண்டு இருந்தது. அது வெடித்து, 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். ஊருக்குப் போகக் காத்திருந்தவர்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு கொடுமை நடந்தது. 1985 ஜூன் 23. கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. 329 பேர் பலியானார்கள். அதற்கும் காரணம் ஒரு சூட்கேஸ்தான். அதைப் பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவே இல்லை.

இந்தச் சம்பவங்கள் உலகத்துக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தன. 'பயணி ஏறவில்லை என்றால் அவருடைய பெட்டியும் பறக்கக் கூடாது' என்பதுதான் அது. இன்று யாராவது ஒருவர் செக்-இன் செய்துவிட்டு விமானம் ஏற வராமல் போனால், விமானத்தின் வயிற்றிலிருந்து அவருடைய பெட்டியைத் தேடி எடுத்து இறக்கிவிடுவார்கள். அதனால் விமானம் தாமதமானாலும் பரவாயில்லை.

1999 டிசம்பர் 24 அன்று, காத்மாண்டுவிலிருந்து டில்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் நம் விமான நிலையங்களைக் காக்கும் வேலையை சி.ஐ.எஸ்.எஃப். படையிடம் கொடுத்தார்கள். 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, ஒவ்வொரு விமான நிலையமாக அவர்கள் பொறுப்புக்கு வந்தது.

வாசலில் டிக்கெட் கேட்பவர் நம் மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்.

சில விமான நிலையங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர் சீட்டு கொடுப்பது உண்டு. குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கும்போது பாதுகாப்புக்காக அதை நிறுத்தி வைப்பார்கள்.

உங்கள் வேலை என்ன?

விமான நிலையத்தில் குழந்தைகளுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் செல்போனில் மூழ்கியிருக்கும்போது, சுற்றி நடப்பதைக் கவனிப்பது உங்கள் கண்கள்தானே?

* ஆள் இல்லாமல் ஒரு பையோ பெட்டியோ கிடந்தால் தொடாதீர்கள். காலால் தள்ளவும் கூடாது. 'யாருடையது?' என்று திறந்து பார்க்கவும் கூடாது. விலகி வந்து, சீருடையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பிறகு அந்தப் பை யாரோ மறந்து வைத்த சாப்பாட்டுப் பை என்று தெரிந்தால், யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள்.

* உங்கள் பெட்டியையும் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். மோப்ப நாயும் காவலர்களும் வந்து சூழ்ந்துவிடுவார்கள்!

* முன்பின் தெரியாத ஒருவர், "இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்றாலோ, "என் சொந்தக்காரரிடம் கொடுத்துடு தம்பி" என்றாலோ, "மன்னிச்சுக்கோங்க அங்கிள், எங்க அப்பாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

* 'குண்டு', 'கடத்தல்' என்ற வார்த்தைகளை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அங்கே அது ஜோக் இல்லை.

* கூட்டத்தில் அப்பா அம்மாவைத் தவறவிட்டால் அங்கும் இங்கும் ஓடாதீர்கள். சீருடைக் காவலரிடமோ, தகவல் கவுண்டரில் இருப்பவரிடமோ போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி எங்கே போகிறது?

இப்போது, நமக்கு டிக்கெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசலைத் தாண்டி செக்-இன் கவுண்டருக்கு வந்துவிட்டோம். இதுவும் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் உள்ள பகுதிதான்.

கவுண்டரில் பெட்டியை எடை போடுகிறார்கள். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ வரை அனுமதி. கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ. அதற்கு மேல் போனால் கூடுதல் காசு கட்ட வேண்டும். அதனால்தான் கவுண்டருக்குப் பக்கத்தில் சிலர் பெட்டியைத் திறந்து, முறுக்கு டப்பாவை இங்கேயிருந்து அங்கே மாற்றிக்கொண்டிருப்பார்கள்!

அடுத்து, பெட்டியின் கைப்பிடியில் நீளமான காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டுகிறார்கள். அதில் கோடு கோடாக பார்கோடும், 10 இலக்க எண்ணும் இருக்கும். அதுதான் உங்கள் பெட்டியின் 'ரோல் நம்பர்'. ஒரே மாதிரி நூறு கறுப்புப் பெட்டிகள் இருந்தாலும், இந்த எண்ணை வைத்து எது எந்த விமானத்துக்கு என்று இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அதில் பெரிதாக மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். அது போய்ச் சேரும் ஊரின் குறியீடு.

சென்னைக்கு என்ன குறியீடு தெரியுமா? எம்.ஏ.ஏ.! மெட்ராஸ் என்ற பெயரிலிருந்து வந்தது. 1996-ல் மெட்ராஸ், சென்னை ஆகிவிட்டது. ஆனால், பெட்டிகளுக்கு இன்னும் அது மெட்ராஸ்தான்! திருச்சிக்கு டி.ஆர்.இசட்., கொழும்புக்கு சி.எம்.பி., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என்.

பிறகு பெட்டி பெல்ட்டில் ஏறி, திரைக்குப் பின்னால் மறைந்துவிடும். அங்கே எக்ஸ்-ரே கருவி அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும். மின்சாரம் சேமிக்கும் 'பவர் பேங்க்' இருந்தால் விடமாட்டார்கள். பெட்டிகள் அடுக்கும் இடத்தில் அது தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாதே! அதனால் அதைக் கையில்தான் எடுத்துப் போக வேண்டும்.

இன்னொன்றும் கூடாது. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். கொப்பரைத் தேங்காய்! அதில் எண்ணெய் அதிகம். குவித்து வைத்தால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. 'பாட்டி ஆசையாகக் கொடுத்தார்களே' என்று சொன்னாலும் விதி விதிதான்.

தனியாகப் பறக்கும் குழந்தைகள்

உங்கள் வயதுக் குழந்தைகள் பெரியவர்கள் துணை இல்லாமலும் பறக்கலாம். 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு விமான நிறுவனங்கள் இந்த வசதியைத் தருகின்றன. முன்கூட்டியே சொல்லி, கட்டணம் கட்டி, படிவம் நிரப்பித் தர வேண்டும். கவுண்டரில் அப்பா அல்லது அம்மா குழந்தையை ஒப்படைப்பார். அங்கிருந்து ஊழியர் ஒருவர் கூடவே போய் விமானத்தில் உட்கார வைப்பார். இறங்கும் ஊரில், படிவத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவரிடம் மட்டும்தான், அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு ஒப்படைப்பார்கள்.

வருகை வாசல்

தரைப் பக்கத்தில் சுவாரசியமான இடம் எது தெரியுமா? வருகை வாசல்தான்! இங்கே வெளியே நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் முதலில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அப்புறம் சுற்றிவரும் பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுக்க வேண்டும். கடைசியில் சுங்கத் துறை. அங்கே இரண்டு வழிகள் உண்டு. வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்கள் சிவப்பு வழியில் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லாதவர்கள் பச்சை வழியில் போகலாம். இதெல்லாம் முடிந்துதான் கதவைத் தாண்டி வெளியே வருவார்கள். 'விமானம் இறங்கிவிட்டது' என்று பலகையில் போட்டு வெகுநேரம் ஆகியும் மாமா வெளியே வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இப்போது காரணம் தெரிந்துவிட்டதே!

வாசலில் சிலர் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள தொழிற்சாலைகளுக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர்களை அழைத்துப்போக வந்த டிரைவர்களும் அவர்களில் இருப்பார்கள். இன்னொரு பக்கம், வளைகுடா நாட்டில் வேலை செய்து, ஆண்டுக்கணக்கில் கழித்து ஊர் திரும்பும் அப்பாவுக்காகக் காத்திருக்கும் குடும்பம். கைக்குழந்தையாகப் பார்த்த மகள் இப்போது பள்ளிச் சீருடையில் நிற்பாள். யார் என்று ஒரு நொடி தெரியாமல் இருவரும் விழிப்பார்கள். அப்புறம் பாருங்கள்!

அவர்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள். தள்ளுவண்டிகள் வந்துகொண்டே இருக்கும். சில தள்ளுவண்டிகளில் கைப்பிடியை அழுத்தினால்தான் சக்கரம் உருளும். விட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும். சரிவான பாதையில் தானாக ஓடிப்போய் யார் மேலும் மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

தெரியுமா உங்களுக்கு?

* 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அந்தச் சேவையை பம்பாயிலிருந்து சென்னை வரை தொடர்ந்து ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். அதில் பயணிகள் யாரும் இல்லை. கடிதங்கள்தான் பறந்து வந்தன!

* சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை சுமார் 3.6 கிலோமீட்டர் நீளம். இரண்டாவது ஓடுபாதை, அடையாற்றின் மேல் கட்டிய பாலத்தின் மீது போகிறது.

* 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு, அடையாறு பெருக்கெடுத்து ஓடுபாதைக்குள் வெள்ளம் புகுந்தது. சில நாட்கள் விமான நிலையத்தை மூட வேண்டியதாயிற்று. அப்போது கைகொடுத்தது திருநின்றவூர் ரயில் பாதையில் இருக்கும் அரக்கோணம். அங்கே உள்ள 'ராஜாளி' கடற்படை விமான தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன.

மூளைக்கு வேலை

1. சிங்கப்பூர் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் 4 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூர் கடிகாரம் என்ன காட்டும்?

2. பெட்டிப் பட்டையில் எம்.ஏ.ஏ. என்று இருந்தால் அது எந்த ஊருக்குப் போகிறது?

3. நாற்காலிக்கு அடியில் ஒரு பை தனியாகக் கிடக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1. மாலை 4.30 மணி. 2. சென்னை. 3. தொடாமல் விலகி வந்து, உடனே சீருடைக் காவலரிடம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு விடைகள் தப்பானாலும் பரவாயில்லை குட்டீஸ். மூன்றாவது மட்டும் தப்பவே கூடாது!